நகரத்பேட்டைப் பத்தர் அண்ணாவுக்கு, கூலி குறித்து

மதிப்பிற்குரிய அண்ணா,

வணக்கம். கல் காப்பின் தகட்டை இன்னும் மெலிதாக அடித்து, உள்ளே அரக்கு நிரப்பி, எடையைக் குறைத்துத் தருவதாகச் சொன்னீர்கள். 2025 ஏப்ரலில் பத்து கிராம் சுத்தத் தங்கம் ஒரு லட்சம் ரூபாயைத் தொட்ட பிறகு, பெங்களூரில் நகை செய்து விற்கும் பலரும் தேடுகிற வழி அதுதான். ஆயினும் நாம் அந்த வழியில் போக வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளவே இதை எழுதுகிறேன்.

22 காரட் தங்கம் மென்மையானது. தகடு மிகவும் மெலிந்தால் கதவில் இடித்தாலே நசுங்கிவிடும். அதை நிமிர்த்த உள்ளிருக்கும் அரக்கை உருக்கி வெளியேற்ற வேண்டும். பழுதுபார்ப்பதற்கே இவ்வளவு பாடு தரும் நகையை உங்கள் கையால் செய்யச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தகட்டின் கனத்தை அப்படியே வைத்துக்கொண்டு 18 காரட்டுக்கு மாறுவோம். அதில் நூற்றுக்கு 75 பங்குதான் தங்கம். உலோகத்தின் அடர்த்தியும் குறைவு என்பதால், அதே அளவுக் காப்புக்குத் தேவைப்படும் தங்கம் கால் பங்குக்கும் மேல் குறைகிறது. செம்பு கூடுவதால் உலோகம் விறைப்பாகும், அடிக்கடி சூடாக்கி மென்மையாக்க வேண்டியிருக்கும், சூட்டில் கறுக்கும், நிறமும் சற்றுச் சிவக்கலாம். ஆனால் கல்லைப் பிடிக்கும் நகங்கள் முன்னைவிட உறுதியாக நிற்கும். ஆயிரத்துக்கு 750 பங்கு தங்கம் என்று காட்டும் 750 ஹால்மார்க் முத்திரையும், ஒவ்வொரு நகைக்கும் தனியாகத் தரப்படும், எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இட எச்.யு.ஐ.டி. குறியீடும் இருப்பதால், வாங்குபவரிடம் எதையும் மறைக்க வேண்டியதில்லை. தாலிக்கு மட்டும் 22 காரட்டே இருக்கட்டும்; அதில் மாற்றம் செய்யச் சொல்ல எனக்கும் விருப்பமில்லை.

இதைவிட முக்கியமானது கூலி. வாடிக்கையாளரிடம் தங்க விலையில் நூற்றுக்கு 15 என்று செய்கூலி வாங்கினால், கிராம் 5,000 ரூபாயாக இருந்தபோது 750 ரூபாயாக இருந்தது, 10,000 ஆகும்போது 1,500 ஆகிவிடுகிறது. வேலை மாறவில்லை, கூடிய பணம் உங்கள் கைக்கும் வரவில்லை. உங்களுக்கோ கிராம் கணக்கில்தான் கூலி, ஆகவே நகை இலேசாக ஆக ஆக நுணுக்கம் கூடி வருமானம் குறைகிறது. சிறு தங்க மணிகளை ஒவ்வொன்றாகப் பற்றவைக்கும் பொறுமைக்கு எடை ஏது, அண்ணா? இனி உருப்படிக்கு இவ்வளவு என்று நீங்களே கூலி சொல்லுங்கள். அதை ரசீதில் ரூபாய்க் கணக்கில் தனி வரியாக எழுதுகிறேன். அரப்பொடியையும் பட்டறைக் குப்பையையும் உருக்கினால் பெரும்பகுதி திரும்பக் கிடைக்கிறது என்பதால், உண்மையாகவே போனதை மட்டும் சேதாரமாகப் போடுவோம்.

முதல் ஜோடிக் காப்பை ஆவணி முகூர்த்தங்களுக்கு முன்பே செய்து பார்க்கலாம். பற்றவைக்க 18 காரட்டுக்கு உரிய பொடியைத் தனியாக வாங்கி அனுப்புகிறேன். தங்கத்தின் தூய்மை குறைந்த பொடி சேர்ந்தால் ஹால்மார்க் சோதனையில் 750 நிற்காது. கேட்மியம் கலந்த பொடி ஏதேனும் பட்டறையில் மிஞ்சியிருந்தால் தயவுசெய்து தொடாதீர்கள், அதன் புகை நுரையீரலைக் கெடுக்கும்.

அன்புடன்,
உங்கள் தங்கை