ஆண்டு விழாவுக்கு முன் பெற்றோருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். மூன்றாம் பருவம் முடியப் போகிறது. வரும் வெள்ளிக்கிழமை மாலை 4 மணிக்கு நம் பள்ளி ஆண்டு விழா. பிள்ளைகள் இந்த ஆண்டும் நன்றாகவே படித்தார்கள். எண்ணும் எழுத்தும் திட்ட வகுப்புகளில் அரும்பு என்ற தொடக்க நிலையில் இருந்த பலர் அடுத்த நிலையான மொட்டுக்கும், மொட்டில் இருந்தவர்கள் அதற்கும் மேலான மலருக்கும் வந்துவிட்டார்கள். கலைத் திருவிழாவில் பங்கேற்றுப் பரிசும் வாங்கினோம். குழந்தைகள் தினம், பொங்கல் விழா எல்லாம் சிறப்பாக நடந்தன. ஒத்துழைத்த அனைவருக்கும் நன்றி.

பொங்கல் விழா சிறப்பாக நடந்தது என்று எழுதிவிட்டேன். அதில் ஒரு விஷயம் மட்டும் மூன்று மாதமாக மனதை உறுத்திக்கொண்டே இருக்கிறது.

மூன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி பாட்டின் இரண்டாவது வரி மறந்துபோய் மேடையில் நின்று அழுதாள். எல்லா விழாவிலும் நடப்பதுதான். டீச்சர் போய்த் தூக்கி வந்தார், கையில் ஒரு கரும்புத் துண்டைக் கொடுத்தோம், ஐந்து நிமிடத்தில் சிரித்துவிட்டாள். ஆனால் அன்று ராத்திரிக்குள் அவள் அழுத காட்சி, ஒரு சினிமா காமெடி வசனத்தையும் ஒட்டிக்கொண்டு, ஊரில் பல பேருடைய ஸ்டேட்டஸில் ஓடியது. விடுமுறை முடிந்து வந்தால், நான்காம் வகுப்புப் பையன்கள் அந்த வசனத்தைச் சொல்லியே அவளைக் கூப்பிடுகிறார்கள். இரண்டு நாள் அவள் பள்ளிக்கு வரவில்லை. ஆண்டு விழாவில் எதிலும் சேர மாட்டேன் என்கிறாள்.

யார் எடுத்தது என்று நான் தேடவில்லை. எடுத்தவர் கெட்ட எண்ணத்தில் எடுத்திருக்க மாட்டார். பையன்களைக் கூப்பிட்டு விசாரித்தபோது தெரிந்த விஷயம்தான் எனக்குப் பெரிதாகப் பட்டது. சிலர் வீட்டுப் போனில் பார்த்திருக்கிறார்கள். சிலருக்குச் சொந்தமாகவே இன்ஸ்டாகிராம் கணக்கு இருக்கிறது. பிறந்த ஆண்டை மாற்றிப் போட்டு அண்ணன் ஆரம்பித்துக் கொடுத்தானாம். வாட்ஸ்அப்பிலும் இன்ஸ்டாகிராமிலும் சொந்தமாகக் கணக்கு தொடங்க, இரண்டையும் நடத்தும் மெட்டா நிறுவனமே வைத்திருக்கும் குறைந்தபட்ச வயது 13. நம் பள்ளியில் மூத்த பிள்ளைக்கே இப்போதுதான் 11 நடக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். போன வாரம் காலை உணவுப் பந்தியில் ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவன் பொங்கலைப் பிசைந்தபடியே தூங்கிவிட்டான். மூக்கு சாம்பாரில் படப் போன நேரத்தில் சமையல் அக்காதான் தோளைப் பிடித்து நிமிர்த்தினார். "ராத்திரி எத்தனை மணிக்குடா படுத்தே?" என்றேன். "சார்ஜ் தீர்ந்ததும் படுத்துட்டேன் டீச்சர்" என்றான்.

இதில் பள்ளிக்கும் பங்கு உண்டு. 2020 மார்ச்சில் பள்ளியை மூடியதிலிருந்து 2021 நவம்பர் 1 அன்று சின்ன வகுப்புகள் திறக்கும் வரை, "எப்படியாவது ஒரு போன் வாங்கிக் கொடுங்கள்" என்று உங்கள் வாசலில் வந்து நின்றவர்கள் நாங்கள்தான். கம்மலை அடகு வைத்து வாங்கியவர்களையும் எனக்குத் தெரியும். பள்ளி திறந்த பிறகும் வீட்டுப்பாடத்தை வாட்ஸ்அப் குழுவில் போடும் பழக்கத்தை நாங்கள் விடவில்லை. எங்களுக்கு அது சுலபம். பிள்ளைக்கோ போனைக் கேட்டு வாங்க நல்ல சாக்கு. ஜூன் முதல் வீட்டுப்பாடம் குறிப்பேட்டில் மட்டும்தான் இருக்கும். விடுமுறை, கூட்டம் போன்ற அறிவிப்புகள் தவிர வேறு எதுவும் குழுவில் வராது. "டீச்சர் அனுப்பியிருக்காங்க" என்று பிள்ளை போன் கேட்டால் தயங்காமல் இல்லை என்று சொல்லலாம்.

ஆசிரியர்களுக்கும் வருகைப்பதிவு முதல் மதிப்பீடு வரை எல்லாமே இப்போது செயலியில்தான். "நீங்க மட்டும் எப்பவும் போன் பார்க்கறீங்களே?" என்று இரண்டாம் வகுப்புக் குழந்தை கேட்டுவிட்டது. சரியான கேள்வி. பதிவு முடிந்ததும் எங்கள் போன்கள் என் மேசை டிராயருக்குள் போய்விடும் என்று முடிவு செய்திருக்கிறோம்.

மில்லுக்கு ஷிப்ட் வேலைக்குப் போகிறவர்கள் வீட்டில் சாயங்காலம் பிள்ளையைப் பார்த்துக்கொள்வது போன்தான் என்பது எனக்குத் தெரியாததில்லை. போனே கொடுக்காதீர்கள் என்று சொல்ல நான் யார்? சாப்பிடும்போதும் படுத்த பிறகும் மட்டும் வேண்டாம். ராத்திரி அதைப் பெரியவர்கள் படுக்கும் இடத்தில் சார்ஜ் போடுங்கள். முகம் தெரியாத யாராவது பிள்ளையிடம் பேசியிருந்தாலோ படம் கேட்டிருந்தாலோ அடிக்காதீர்கள். அடித்தால் அடுத்த முறை சொல்லாது. என்னிடம் வாருங்கள், அல்லது குழந்தைகள் உதவி எண் 1098-க்கு அழையுங்கள். ஏமாந்து பணம் போயிருந்தால் இணைய மோசடிப் புகார் எண் 1930.

இனி வெள்ளிக்கிழமை பற்றி. இதைக் கண்டிப்பாகவே சொல்கிறேன். பிள்ளைகள் யாரும் போன் கொண்டு வரக் கூடாது. பையில் இருந்தால் வாங்கி வைத்து, பெற்றோர் நேரில் வந்து கையெழுத்துப் போட்டால்தான் கொடுப்போம். மேடைக்கு முன்னால் யாரும் எழுந்து நின்று படம் எடுக்கக் கூடாது. போன ஆண்டு ஒன்றாம் வகுப்புக் குழந்தைகள் ஆடியது பின்வரிசையில் இருந்த பாட்டிகளுக்குத் தெரியவே இல்லை. தெரிந்ததெல்லாம் தூக்கிப் பிடித்த கைகள்தான். இந்த முறை அப்படி யாராவது நின்றால் பாட்டை நிறுத்திவிடுவேன், யாராக இருந்தாலும் சரி. உங்கள் பிள்ளையை உட்கார்ந்த இடத்திலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்த வீட்டுப் பிள்ளையின் படத்தை அவர்களைக் கேட்காமல் எங்கும் போடாதீர்கள். 18 வயதுக்குட்பட்டவரின் விவரங்களைப் பயன்படுத்தப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும் என்று நிறுவனங்களுக்கே 2023-இல் சட்டம் வந்துவிட்டது. நாம் ஒரு வார்த்தை கேட்பதில் என்ன குறைந்துவிடும்?

நிகழ்ச்சி முழுவதையும் ஓர் ஆசிரியர் படம் எடுப்பார். வேண்டும் என்பவர்கள் அடுத்த வாரம் அலுவலகத்தில் அவரவர் பிள்ளையின் படங்களை வாங்கிக்கொள்ளலாம்.

கொஞ்சம் கடுமையாக எழுதிவிட்டேனோ என்னவோ. நீங்கள் இந்தப் பள்ளிக்குச் செய்வதை நான் மறக்கவில்லை. மைக் செட்டுக்குக் காசு வேண்டாம் என்று சொன்னவர், இருபத்திரண்டு பாவாடைகளை ராத்திரி கண் விழித்துத் தைத்துக் கொடுத்த அம்மா, பந்தல் கால் நட வருவதாகச் சொன்ன பள்ளி மேலாண்மைக் குழுவினர் எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி.

மேடையில் ஏறும் பிள்ளைகளை 3 மணிக்கே அனுப்பிவிடுங்கள், தலை வாரி, வயிறு நிறையச் சாப்பிட வைத்து. தண்ணீர் பாட்டிலில் பெயர் எழுதுங்கள். கடிதத்தின் அடியில் உள்ள துண்டில் கையெழுத்திட்டுப் புதன்கிழமைக்குள் கொடுத்துவிடுங்கள். அந்தச் சிறுமியைத் திரை இழுக்கும் வேலைக்குக் கேட்டிருக்கிறேன். யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறாள்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்