லாரித் தண்ணியா என்று கேட்ட சிஸ்டருக்கு

நைனா, எங்கள் அப்பா, நேற்று மதியம் வீட்டுக்கு வந்துவிட்டார். இரண்டு காலோடு வந்துவிட்டார். இதை எழுதும்போது உள்ளே தூங்குகிறார், குறட்டைச் சத்தம் கேட்கிறது. அது கேட்டுக்கொண்டே இருந்தால்தான் எனக்கு எழுத வருகிறது.

சர்க்கரை நோய் உள்ள நைனாவின் காலில் கெளுத்தி மீன் முள் குத்திப் புண்ணானதிலிருந்து, மறுபடி 108இல் ஏற்றிப்போன அந்தச் செவ்வாய்க்கிழமை ராத்திரி வரைக்கும் நடந்ததெல்லாம் காசிமேட்டில் எங்களை அறிந்த எல்லாருக்கும் தெரியும். மறுபடி அதைச் சொல்ல எனக்குத் தெம்பில்லை. நன்றி சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

சிஸ்டர், முதலில் உங்களுக்கு. பேர் போடக்கூடாது என்றீர்கள், போடவில்லை.

முதல் தடவை ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் டிஸ்சார்ஜ் சீட்டு வாங்கிக்கொண்டு நான் பையைக் கட்டிக்கொண்டிருந்தேன். உங்களுக்கு டியூட்டி முடிந்து நேரமாகியிருந்தது. கைப்பையை மாட்டிக்கொண்டு வாசல் வரை போனவர் திரும்பி வந்து, "மக்ளே, வீட்டுல தண்ணி எப்பிடி? பைப்பு திறந்தா வருமா, இல்ல லாரித் தண்ணியா?" என்று கேட்டீர்கள்.

அதுவரைக்கும் பார்த்த இடத்திலெல்லாம் "கையை நல்லா கழுவிட்டுக் கட்டுங்க" என்று சொல்லியிருந்தார்கள். எந்தத் தண்ணியில் கழுவுவாய் என்று ஒருத்தரும் கேட்டதில்லை. எங்கள் வீட்டில் ஓடுகிற தண்ணி கிடையாது. அடி பம்பில் வருவது உப்பு. லாரியில் பிடித்ததை டிரம்மில் ஊற்றி வைத்து மக்கால் மொண்டுதான் எல்லாம். இதைச் சொல்ல எனக்குக் கூச்சமாக இருந்தது, தலையைக் குனிந்துகொண்டுதான் சொன்னேன். நீங்கள் கைப்பையைக் கட்டிலில் வைத்துவிட்டு, அடியில் கிடந்த காலித் தண்ணி பாட்டிலை எடுத்தீர்கள். புது ஊசி ஒன்றை உறையிலிருந்து பிரித்து பாட்டிலின் அடிப்பக்கம் ஒரு ஓட்டை போட்டு, ஊசியை ஊசிப் பெட்டியில் போட்டீர்கள். பாட்டிலில் தண்ணி நிரப்பி மூடியை இறுக்கினால் நிற்கிறது. தளர்த்தினால் நூல் மாதிரி ஒழுகுகிறது.

"இதான் உன் வீட்டுப் பைப்பு. மூடியை நீ தொடாத, தம்பி தொறக்கட்டும், தம்பியே மூடட்டும். அழுக்குக் கையோட மக்கை டிரம்முல விட்டா அந்த டிரம்மு பூரா உன் கைதான்."

பிறகு என் கையைப் பிடித்து நீங்களே சோப்புப் போட்டுக் காட்டினீர்கள். விரல் இடுக்கு, கட்டை விரலைத் தனியாகச் சுற்றி, நகக்கண்ணை உள்ளங்கையில் தேய்த்து. மெதுவாக அறுபது எண்ணச் சொன்னீர்கள். எனக்கு இருபத்தேழு வயது. அம்மா போன பிறகு என் கையை யாரும் அப்படிப் பிடித்துக் கழுவிவிட்டதில்லை. அன்றைக்கு நான் அழுததற்கு அதுதான் காரணம் சிஸ்டர், பயந்து அழவில்லை.

பழைய கட்டைப் பிரித்த கையாலேயே புதுத் துணியைத் தொடக்கூடாது, நடுவில் இன்னொரு தடவை கழுவ வேண்டும் என்பதும் அன்றைக்குத்தான் தெரிந்தது. புண்ணைத் துடைக்கும் முன்னால் முதலில் பார்க்கச் சொன்னீர்கள். சிவப்பாக ஈரமாக இருந்தால் புதுச் சதை, மஞ்சளாக ஒட்டியிருந்தால் செத்தது சேருகிறது, கறுத்தால் யோசிக்காமல் கிளம்பி வா. வாடை மாறுகிறதா, கட்டு எவ்வளவு நனைந்திருக்கிறது என்று பார். சலைனில் நனைத்த துணியால் நடுவிலிருந்து வெளியே துடை, அதே துணியை மறுபடி உள்ளே கொண்டுபோகாதே. மஞ்சளும் காப்பித்தூளும் ஸ்பிரிட்டும் புண்ணுக்குள் வேண்டாம். நாங்கள் முதல் வாரம் மஞ்சள் வைத்துக் கட்டினோம் என்பதை உங்களிடம் மறைத்தேன். இப்போது சொல்கிறேன், மன்னித்துக்கொள்ளுங்கள்.

சர்க்கரைக்காரருக்கு வலி இல்லை என்றால் சந்தோஷப்படாதே என்றீர்களே, அது என் மனசில் ஆணி மாதிரி இறங்கிவிட்டது. முள் குத்தியதே நைனாவுக்குத் தெரியவில்லை. செருப்பில் ரத்தத்தைப் பார்த்துத்தான் நாங்கள் கண்டுபிடித்தோம்.

கடைசியாக ஒரு பேனா எடுத்து, புண்ணைச் சுற்றிச் சிவந்திருந்த தோலின் ஓரத்தில் கோடு போட்டீர்கள். "சிவப்பு இந்தக் கோட்டைத் தாண்டுச்சான்னு தெனமும் பாரு." நைனாவின் நாடியைப் பிடித்துக்கொண்டே மூச்சை எண்ணுவது எப்படி என்றும் காட்டினீர்கள். எண்ணுகிறோம் என்று தெரிந்தால் மூச்சு மாறிவிடுமாம், அதனால் நாடி பார்க்கிற மாதிரியே இருந்து முழுசாக ஒரு நிமிஷம் எண்ண வேண்டும். சும்மா படுத்திருக்கிற ஆளுக்கு 12 முதல் 20 வரை இருக்கலாம். அதற்கு மேலே ஏறிக்கொண்டே போனால், பேச்சு தடுமாறினால், மூத்திரம் குறைந்தால், விடியட்டும் என்று காத்திருக்காதே.

செவ்வாய்க்கிழமை ராத்திரி நைனாவுக்கு உடம்பு சுடவேயில்லை. அசதி, தூங்கவிடு என்றார்கள் அத்தை. நானும் விளக்கை அணைக்கத்தான் போனேன். அப்போது நைனா என்னை அம்மா பேர் சொல்லிக் கூப்பிட்டார். மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு வயிறு ஏறி இறங்குவதை எண்ணினேன், 28. மறுபடி எண்ணினேன், 28. காலில் சிவப்பு கோட்டைத் தாண்டி இரண்டு விரல் அகலம் ஏறியிருந்தது. 108க்கு அடித்தேன். காய்ச்சல் இருக்கிறதா என்று மட்டும் பார்த்திருந்தால் காலையில் நான் என்ன பார்த்திருப்பேனோ, நினைக்கவே முடியவில்லை.

நீங்கள் செலவழித்தது அரை மணி நேரம் இருக்குமா? உங்கள் பஸ் போயிருக்கும். அந்த வார்டில் எத்தனை கட்டில், எத்தனை பேர் என்று நான் கண்ணால் பார்த்தவள். அதில் எங்கள் வீட்டு டிரம்மை நினைத்துப் பார்க்க உங்களுக்கு எப்படித் தோன்றியது?

எங்கள் ஆயா ஸ்டான்லியை இன்னும் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்றுதான் சொல்லும். 1782இல் பஞ்சத்தில் வந்தவர்களுக்குக் கஞ்சி ஊற்றிய இடத்திலிருந்து வளர்ந்த ஆஸ்பத்திரி அது. வந்தவருக்கு எது இல்லை என்று முதலில் கேட்பது அந்த இடத்திலேயே ஊறியிருக்கிறது போல.

ஆம்புலன்ஸ் நுழையாத சந்தில் நைனாவை பிளாஸ்டிக் நாற்காலியோடு தூக்கி ஓடிய பையன்களுக்கும், 108 வண்டியில் வந்த தம்பிக்கும், இரண்டு ராத்திரி கண் மூடாத இளம் டாக்டர்களுக்கும், ரத்தம் கொடுத்த ஐஸ் கம்பெனி அண்ணன்களுக்கும், மாசாமாசம் சர்க்கரை மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவரும் மக்களைத் தேடி மருத்துவம் அக்காவுக்கும், தம்பிக்குச் சோறு போட்ட எதிர்வீட்டு அத்தைக்கும், எங்கள் வலையைக் காவல் காத்தவர்களுக்கும் நன்றி. ஒவ்வொருவரையும் நேரில் வந்து பார்ப்பேன்.

நைனா தூங்கிய பிறகு டார்ச் அடித்து இரண்டு உள்ளங்காலையும் விரல் இடுக்கையும் பார்க்கிறேன். இனி ஒரு ராத்திரியும் தவறாது. எங்கள் தெருவில் சர்க்கரையும் வலை வேலையும் சேர்ந்திருக்கிற வீடு நிறைய. யார் காலில் புண் என்றாலும் என் வீட்டுக் கதவைத் தட்டுங்கள், எத்தனை மணியானாலும் சரி. நான் நர்ஸ் இல்லை, மருந்து சொல்ல மாட்டேன். மூச்சு எண்ணித் தருவேன், கோடு போட்டுத் தருவேன், ஆஸ்பத்திரிக்குக் கூட வருவேன். ஓட்டை போட்ட பாட்டில் ஆறு செய்து வைத்திருக்கிறேன், வந்து எடுத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. கழற்றிய கட்டுத்துணியைக் குப்பையில் அப்படியே போடாதீர்கள். பேப்பரில் சுற்றி, தனிக் கவரில் முடிச்சுப் போட்டு, எடுக்க வருகிற அக்காவிடம் சொல்லிக் கொடுங்கள். "குப்பை எடுக்கிற பொண்ணோட கையும் கைதான், மக்ளே" என்று சிஸ்டர் சொன்னதை அப்படியே சொல்கிறேன்.

புதன்கிழமை கட்டு மாற்ற வருகிறோம் சிஸ்டர். நைனா வஞ்சிரம் வாங்கித் தரச் சொல்கிறார். நீங்கள் வாங்க மாட்டீர்கள் என்று சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை.