புதுக் கணினி வாங்கச் சொல்வதற்கு முன்

ஆசிரியர் அவர்களுக்கு,

விண்டோஸ் 10-க்கு ஆதரவு முடிந்துவிட்டது, ஒன்று விண்டோஸ் 11-க்கு மாறுங்கள், இல்லையென்றால் புதுக் கணினி வாங்குங்கள் என்று உங்கள் தொழில்நுட்பப் பக்கத்தில் எழுதியிருந்தீர்கள். அவ்வளவுதானா? எங்கள் வீட்டில் இரண்டு கணினிகள், இரண்டும் வெவ்வேறு வழியில் போயின, அதை வைத்துத்தான் எழுதுகிறேன்.

முதலில், 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு கணினி எதுவும் நின்றுவிடவில்லை, நின்றது பாதுகாப்புத் திருத்தங்கள். "நேத்து வரைக்கும் ஓடினது இன்னைக்கு ஓடாதா மாப்பிள்ளை?" என்று மாமனார் கேட்டார். ஓடும் மாமா, ஆனால் இனி ஓட்டை விழுந்தால் அடைக்க யாரும் வரமாட்டார்கள் என்றேன். இது சும்மா பயமுறுத்தல் இல்லை. 2017 மே மாதம் கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் வான்னாகிரை என்ற தீநிரல் பரவியபோது, அதற்கான திருத்தம் மார்ச்சிலேயே வந்திருந்தும் போடாமல் விட்டிருந்த கணினிகள்தான் மாட்டிக்கொண்டன.

என் கணினியில் விண்டோஸ் 11-க்குத் தகுதி பார்க்கும் செயலியை ஓட்டினால் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும் என்று சிவப்பில் காட்டியது. சரி, இதற்கு ஆயுள் முடிந்தது என்று இரண்டு நாள் புதுக் கணினிகளாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்புறம் அதே வரியை நிதானமாகப் படித்தால், அந்தச் சில்லு இருக்க வேண்டும், இயங்கும் நிலையிலும் இருக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறது, நான் பாதியைத்தான் படித்திருக்கிறேன். கணினி துவங்கும்போது எஃப்2 தட்டி பயாஸுக்குள் (விண்டோஸ் துவங்கும் முன் வரும் அடிப்படை அமைப்புத் திரை) போய்த் தேடினால், பிடிடி என்று ஒரு வரி, பக்கத்தில் 'டிஸேபிள்டு', அதாவது முடக்கி வைத்திருக்கிறது. இன்டெல் கணினியில் டிபிஎம் பெரும்பாலும் இந்தப் பெயரில்தான் ஒளிந்திருக்கும், ஏஎம்டியில் எஃப்டிபிஎம். மாற்றிவிட்டு எஃப்10 அழுத்திச் சேமித்தேன், அடுத்த முறை பார்த்தபோது பச்சை. எத்தனை பேர் இந்த ஒரு வரி தெரியாமல் நல்ல கணினியை ஓரங்கட்டியிருப்பார்கள்! (வட்டு மறையாக்கம் செய்யப்பட்டிருந்தால் பயாஸில் கைவைப்பதற்கு முன் அந்தப் பூட்டைத் திறக்கும் பிட்லாக்கர் மீட்புச் சாவியை எழுதி வைத்துக்கொள்ளுங்கள், சில சமயம் கேட்டுத் தொலைக்கும்.)

மேம்படுத்தல் ஒழுங்காக முடிந்தது, கோப்புகள் எல்லாம் இருந்தன. ஆனால் ஸ்கேனர் போச்சு. பழைய மாடல், அதை இயக்கும் மென்பொருளான டிரைவரை விண்டோஸ் 11-க்கு வெளியிடவே இல்லை. 10 நாளுக்குள் பழையபடி விண்டோஸ் 10-க்குத் திரும்பலாம் என்று தெரியும், திரும்பியிருப்பேன், அதற்குள் இடம் போதவில்லையே என்று வட்டைச் சுத்தம் செய்யப்போய் 'முந்தைய விண்டோஸ் நிறுவல்கள்' என்ற கட்டத்திலும் டிக் போட்டுத் தொலைத்தேன். திரும்பும் வழியே அதற்குள்தான் இருக்கிறது. ஆக, மாறுவதற்கு முன் பிரிண்டர், ஸ்கேனர், கணக்கு மென்பொருள் என்று தினமும் தொடும் ஒவ்வொன்றுக்கும் டிரைவர் இருக்கிறதா என்று பாருங்கள், கோப்புகளை வெளி வட்டில் நகல் எடுங்கள், மாறிய பிறகு 10 நாள் எதையும் அழிக்காதீர்கள்.

மாமனாருடைய கணினி வேறு கதை. ஆறாம் தலைமுறை இன்டெல், பயாஸில் எதைத் தட்டினாலும் தகுதிப் பட்டியலில் வராது, பட்டியல் எட்டாம் தலைமுறையில்தான் தொடங்குகிறது, விதிவிலக்குகள் ஒன்றிரண்டுதான். சோதனையை ஏமாற்றி நிறுவும் குறுக்குவழிகள் இருக்கின்றன, ஆனால் அப்படிப் போட்டால் புதுப்பிப்புகள் வரும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை என்று மைக்ரோசாஃப்டே சொல்லிவிட்டது. புதுப்பிப்புக்காகத்தானே மாறுகிறோம்? மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து பதிந்துகொண்டால் விண்டோஸ் 10-க்கே 2026 அக்டோபர் வரை திருத்தங்கள் கிடைக்கும் என்ற ஏற்பாட்டைப் பற்றி உங்கள் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை. முடிவெடுக்க அவகாசம் தேவைப்படுபவர்களுக்கு அது போதும்.

அவர் பார்ப்பது காணொளி, மின்னஞ்சல், செய்தி. அதனால் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டுக் கொடுத்தேன், 4 ஜிபி நினைவகத்திலேயே தாராளமாக ஓடுகிறது. நிறுவுவதற்கு முன் யுஎஸ்பியிலிருந்தே ஓட்டிப் பார்க்கலாம் என்பதால் அரை நாள் அப்படியே விட்டுப் பார்த்தோம், வைஃபை, ஒலி எல்லாம் வேலை செய்தது. முதல் வாரம் "மூடுற பட்டன் எங்கப்பா?" என்று இரண்டு தடவை கூப்பிட்டார், அவ்வளவுதான்.

அந்த ஸ்கேனரும் இப்போது அங்கேதான் இருக்கிறது. டிரைவர் எதுவும் தேடாமல், செருகியதும் வேலை செய்தது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்