ஜன்னல் அளவை அனுப்பு, பாப்பா

பட்டர்வொர்த், பினாங்கு
ஞாயிறு இரவு

அன்புள்ள பாப்பாவுக்கு,

கோலாலம்பூரில் வாடகை வீடு கிடைத்துவிட்டது என்று நீ நேற்று போனில் சொன்னதிலிருந்து அம்மா சமையலறையில் சாமான் பிரித்துக்கொண்டே இருக்கிறாள். நம் வீட்டு இரண்டு தோசைக்கல்லில் நன்றாகப் பழகியது எது என்று பார்த்து, அதை உனக்கு எடுத்து வைத்துவிட்டாள். மற்றதை நாங்கள் பழக்கிக்கொள்கிறோம். நான் எழுத உட்கார்ந்தேன். சொல்ல வேண்டியது நிறைய இருக்கிறது, போனில் சொன்னால் பாதி விட்டுப்போகும். உன்னோடு தங்கப்போகும் தோழிகள் இரண்டு பேருக்கும் இதைப் படித்துக் காட்டு. அவர்களும் எனக்குப் பிள்ளைகள் மாதிரிதான்.

முதலில் மனதில் கிடந்து அறுப்பதைச் சொல்லிவிடுகிறேன். விடுதியை விட்டு வீடு தேட ஆரம்பித்த இந்த ஆறு வாரத்தில் நீ மூன்று இடத்தில் மறுக்கப்பட்டாய். ஒரு விளம்பரத்திலேயே 'இந்தியர்களுக்கு இல்லை' என்று போட்டிருந்தது. இன்னொரு இடத்தில் பெயரைக் கேட்டதும் வீடு போய்விட்டது என்றார்கள். அன்று இரவு நீ அழுததை நான் மறக்கவில்லை. அப்பா சின்ன வயதிலிருந்து பார்த்து வருகிறேன், இது இன்னும் நிற்கவில்லை. அது தப்பு, பாப்பா. அந்தத் தப்பு சொன்னவர்களுடையது. உன் நிறத்திலோ பெயரிலோ நம் சமையல் வாசத்திலோ ஒரு குறையும் இல்லை.

இப்போது வீடு கொடுத்தவரும் 'கறிக் குழம்பு அதிகம் சமைக்காதீர்கள்' என்று சொன்னாராம். நீ உடனே சரி என்றுவிட்டாயாம். வீடு கைவிட்டுப் போய்விடுமோ என்ற பயத்தில் சொல்லியிருப்பாய், புரிகிறது. ஆனால் வருஷம் முழுக்க முட்டையும் மெகி நூடுல்ஸும் தின்று நீ அங்கே இருக்கக் கூடாது. ஜன்னலைத் திற, காற்றாடியைப் போடு, சமைத்து முடித்த சூட்டோடு அடுப்பையும் சுவரில் பதித்த ஓடுகளையும் சோப்புத் தண்ணீரால் துடை. அதுதான் வீட்டுக்காரருக்கு நாம் கொடுக்க வேண்டிய மரியாதை. அதைச் செய்துவிட்டு மீன் குழம்பு வை. வாடகையை முழுசாகக் கொடுக்கிற வீட்டில் அரை ஆளாக இருக்காதே.

இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்கு உன் பாட்டிதான் காரணம். நாங்கள் இருந்த லயத்து வீடு, அந்தத் தொழிலாளர் வரிசை வீடு, ரப்பர் தோட்டத்துக்குச் சொந்தம். ஒரு முன்வாசல், ஒரு அறை, பின்னால் அடுப்படி. அது எங்களுடையது இல்லை என்று பாட்டிக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் தீபாவளிக்குத் தீபாவளி சுண்ணாம்பு அடிப்பாள். வாசலில் முருங்கையும் பின்புறம் கறிவேப்பிலையும் வைத்தாள். ரப்பர் மரத்தில் பால் வெட்டிவிட்டு மத்தியானம் வந்து, சாப்பிடும் முன்னால் அந்தச் செடிக்குத் தண்ணீர் ஊற்றுவாள். 1989-ல் தோட்டம் கை மாறியது. நோட்டீஸ் வந்தது, கிளம்பச் சொன்னார்கள். தாத்தா காலத்திலிருந்து இருந்தவர்கள் நாங்கள், காட்டுவதற்கு எங்களிடம் ஒரு காகிதமும் இல்லை. அப்போது எனக்கு 16 வயது. பாட்டி கறிவேப்பிலைக் கன்று ஒன்றைத் தோண்டி மீலோ டின்னில் வைத்து எடுத்துக்கொண்டு வந்தாள். இன்று நம் வீட்டுப் பின்னால் நிற்பது அதன் வழி வந்த மரம்தான்.

ஆகவே பாட்டியைப் போல வாழ். ஆனால் பாட்டியிடம் இல்லாத காகிதம் உன்னிடம் இருக்க வேண்டும். அதைப் பற்றித்தான் இனி எழுதப்போகிறேன்.

வாடகை 1,500 வெள்ளி (ரிங்கிட்). இரண்டு மாத டெப்பாசிட் 3,000, தண்ணீருக்கும் கரண்டுக்கும் அரை மாதம் 750, முதல் மாத வாடகை 1,500. மொத்தம் 5,250. ஆளுக்கு 1,750. கேட்டதும் நீ திகைத்தாய், ஆனால் இதுதான் இங்கே வழக்கம், உங்களிடம் யாரும் கூட்டிக் கேட்கவில்லை. உன் பங்கை அப்பா போடுகிறேன். பிடிபிடிஎன் படிப்புக் கடன் பணத்தில் கை வைக்காதே, அது உன் சாப்பாட்டுக்கு. கொடுப்பதை ரொக்கமாகக் கொடுக்க வேண்டாம். வீட்டுக்காரர் பெயரில் உள்ள வங்கிக் கணக்குக்கு அனுப்புங்கள். மாநகராட்சி டிபிகேஎல் அனுப்பும் வீட்டு வரி பில்லைக் காட்டச் சொல்லி, அதில் இருக்கும் பெயரும் கணக்கில் இருக்கும் பெயரும் ஒன்றா என்று பாருங்கள். நல்ல மனிதர் என்றால் இதைக் கேட்பதற்குக் கோபப்பட மாட்டார்.

ஒப்பந்தத்தில் மூன்று பேர் பெயரும் அடையாளக் கார்டு எண்ணும் இருக்க வேண்டும். ஒரு பெண் பெயரில் மட்டும் போட்டால், நாளைக்கு ஏதாவது ஒன்று என்றால் முழுப் பாரமும் அவள் தலையில் விழும். நடுவில் ஒருத்தி கிளம்பினால் என்ன செய்வது, எத்தனை மாதம் முன்னால் சொல்ல வேண்டும், ஏர்கோன் சர்வீஸ் யார் செலவு, பைப் உடைந்தால் யார் செலவு, டெப்பாசிட் எத்தனை நாளில் திரும்ப வரும், எல்லாம் அதில் எழுத்தில் இருக்கட்டும். கையெழுத்தானதும் முத்திரை வரி கட்டி ஸ்டாம்ப் செய்ய வேண்டும். அதற்கு 30 நாள்தான் கெடு. வருமான வரி வாரியமான லெம்பாகா ஹாசில் இதை இணையத்திலேயே செய்ய விடுகிறது. பலர் இந்தச் சின்னச் செலவைப் பார்த்து விட்டுவிடுகிறார்கள். ஸ்டாம்ப் இல்லாத ஒப்பந்தத்தை நீதிமன்றம் சாட்சியாக எடுத்துக்கொள்ளாது, 1949-ஆம் ஆண்டு முத்திரைச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. இன்னொன்றும் தெரிந்துகொள். வாடகைக்கு இருப்பவரை நீதிமன்ற உத்தரவு இல்லாமல் வீட்டுக்காரர் தானாகப் பூட்டை மாற்றி வெளியே போட முடியாது. அது 1950-ஆம் ஆண்டு ஸ்பெசிஃபிக் ரிலீஃப் சட்டத்தில் இருக்கிறது. சண்டைக்காக இதைச் சொல்லவில்லை. தெரிந்து வைத்திருந்தால் ராத்திரி நிம்மதியாகத் தூங்கலாம், அதற்காகத்தான்.

சாவி வாங்கிய அன்று ஒரு சாமானையும் உள்ளே வைக்காதீர்கள். முதலில் போனை எடுத்துக்கொண்டு வாசலில் ஆரம்பித்து ஒவ்வொரு அறையாக வீடியோ எடுங்கள். சுவர்க் கறை, உடைந்த ஓடு, அலமாரிக் கதவு, குளியலறைக் கூரையில் ஒழுகிய அடையாளம், கரண்டு மீட்டர் எண், தண்ணீர் மீட்டர் எண். அன்றைக்கே வீட்டுக்காரருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள், தேதி அதிலேயே பதிந்துவிடும். 1996-ல் பிறை ஊரில் தொழிற்சாலை வேலைக்குப் போனபோது நானும் மூன்று நண்பர்களும் ஒரு வீடு எடுத்தோம். இரண்டு வருஷம் கழித்துக் காலி செய்யும்போது, வந்த நாளிலிருந்தே இருந்த சுவர் ஈரத்தை எங்கள் தலையில் கட்டி, டெப்பாசிட்டில் ஒரு காசும் திருப்பித் தரவில்லை. எங்களிடம் ஒரு படம் இல்லை. அந்த மாதம் பாட்டிக்கு நான் பணம் அனுப்பவில்லை.

அப்புறம் கரண்டு. இதில் அப்பா சொல்வதைக் கேட்டே ஆக வேண்டும், முப்பது வருஷமாக வயர்மேன் வேலை பார்க்கிறேன். கதவுக்குப் பக்கத்தில் சுவிட்ச் பெட்டி இருக்கும். அதில் 'T' என்று எழுதிய சின்னப் பொத்தான் உள்ள பெரிய சுவிட்ச்தான் இஎல்சிபி, கரண்டு கசிந்தால் தானாக லைனை வெட்டிவிடும். பொத்தானை அழுத்தினால் அந்தச் சுவிட்ச் உடனே டக்கென்று கீழே விழ வேண்டும். விழாவிட்டால் அந்த வீட்டில் வெந்நீர் ஹீட்டரை யாரும் போடக் கூடாது. எனக்கும் வீட்டுக்காரருக்கும் சொல்லிவிட்டு, சரி செய்த பிறகுதான் குளியல். மாதம் ஒரு தடவை அழுத்திப் பார்க்க வேண்டும், வாடகை கட்டுகிற நாளோடு சேர்த்து வைத்துக்கொள். இடி இடித்து அது தானாக விழுந்தால் பதறாதே. சின்ன சுவிட்சுகளை எல்லாம் கீழே இறக்கு, பெரியதை மேலே தூக்கு, பிறகு ஒவ்வொன்றாக ஏற்று. எதை ஏற்றும்போது திரும்ப விழுகிறதோ அந்த லைனில்தான் கோளாறு. அதை மட்டும் இறக்கி வைத்துவிட்டு எனக்குப் போன் செய்.

ஒரு பிளக் 13 ஆம்பியர்தான் தாங்கும். தண்ணீர் கேத்தல் ஒன்றே ஏறக்குறைய 10 இழுக்கும், அயர்ன் 4, சோற்றுக் குக்கர் 3. காலை எட்டு மணி வகுப்புக்கு மூன்று பெண்களும் ஒரே எக்ஸ்டென்ஷனில் மூன்றையும் போட்டால் 17 ஆகிவிடும், வயர் சூடாகி உருகும். எக்ஸ்டென்ஷன் வாங்கும்போது தரச் சான்றான சிரிம் ஸ்டிக்கர் பார்த்து வாங்கு. அதில் போன், லேப்டாப், காற்றாடி மட்டும் போடலாம்.

கேஸ் தோங் (சிலிண்டர்) 14 கிலோ, விலை 26 வெள்ளி 60 காசு. மாடிக்குத் தூக்கி வர மேற்கொண்டு கேட்பார்கள், கொடுத்துவிடு, அந்தப் பாரத்தை நீங்கள் தூக்க வேண்டாம். கேஸ் தலையும் (ரெகுலேட்டர்) ரப்பர் குழாயும் புதிதாக வாங்கி நானே கொண்டு வருகிறேன். முந்தி இருந்தவர்கள் விட்டுப்போனதை நம்பக் கூடாது. மாட்டியதும் சோப்பு நுரையைத் தடவிப் பார், குமிழி வந்தால் கசிகிறது என்று அர்த்தம். இந்த கேஸ் காற்றை விடக் கனம், தரையோடு தங்கும். வாசம் அடித்தால் லைட்டைப் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். தோங்கை மூடு, கதவைத் திற, வெளியே வந்துவிடு.

வாசல் கிரில்லுக்குப் பூட்டு போட்டுத் தூங்குவீர்கள், சரி. ஆனால் அதன் சாவியை யாருடைய கைப்பையிலும் வைக்கக் கூடாது. வெளியிலிருந்து கை எட்டாத இடத்தில், உள்ளே கதவுக்குப் பக்கத்தில் ஒரு ஆணி அடித்து மாட்டுங்கள். இருட்டில் மூன்று பேருக்கும் கை அங்கே போக வேண்டும். தீ என்றால் தேட நேரம் இருக்காது. ஆணியை நான் வந்து அடித்துத் தருகிறேன்.

கோலாலம்பூரில் தண்ணீர் அடிக்கடி நிற்கும் என்று உன் பெரிய அத்தை செந்தூலிலிருந்து சொல்லிக்கொண்டே இருப்பாள். மூடி உள்ள வாளி இரண்டு வாங்கு. மூடாத தண்ணீரில் ஒரு வாரம், பத்து நாளில் டெங்கி பரப்பும் ஏடிஸ் கொசு வளர்ந்து பறந்துவிடும்.

கட்டில், மேசை பற்றி எனக்குக் கவலை இல்லை. மெத்தையைத் தரையில் போட்டும் படிக்கலாம். ஐஸ் பெட்டி மட்டும் நல்லதாக வேண்டும், அத்தை வீட்டில் ஒன்று சும்மா இருக்கிறது, கேட்டுவிட்டேன். மற்ற சில்லறைச் சாமானுக்கு எல்ஆர்டி ரயிலில் கேஎல் சென்ட்ரல் வந்து இறங்கினால் பிரிக்ஃபீல்ட்ஸ் பக்கம்தான், இட்லித் தட்டிலிருந்து அகல்விளக்கு வரை கிடைக்கும். அங்கே போய் ஊதுபத்தியும் குங்குமமும் வாங்கிக்கொள்.

சனிக்கிழமை விடியற்காலை வேனில் கிளம்புகிறோம், மத்தியானத்துக்குள் பந்தாய் டாலாமில் உன் வீட்டுக்கு வந்துவிடுவோம். நாங்கள் வரும் வரை அடுப்பு பற்ற வைக்காதே, அம்மா வந்து பால் காய்ச்சுவாள். அவள் முதலில் உள்ளே எடுத்து வரப்போவது அரிசியும் உப்பும் மஞ்சளும். உன் தோழிகளையும் அந்த நேரத்துக்கு இருக்கச் சொல், அவர்கள் கையாலும் பாலில் சர்க்கரை போடட்டும். ரசப்பொடி, நெத்திலிக் கருவாடு, இருமலுக்கு ஜாதிக்காய்த் தைலம் எல்லாம் கட்டியாகிவிட்டது. கறிவேப்பிலைக் கன்று ஒன்றையும் பையில் வைத்திருக்கிறேன். பால்கனியில் காலை வெயில் எந்தப் பக்கம் விழுகிறது என்று பார்த்து வை.

திரை தைக்க ஜன்னல்களின் அகலமும் உயரமும் சாவி கிடைத்த அன்றே அளந்து அனுப்பு. உன் அறை ஜன்னல் மட்டும் போதாது, மூன்று அறையும், ஹாலும். அம்மா தையல் மெஷினுக்கு எண்ணெய் போட்டு வைத்துவிட்டாள். துணி பச்சையா, நீலமா என்று கேட்கச் சொல்கிறாள்.

அன்புடன்,
அப்பா