கம்யூனிட்டி காலேஜ் நர்ஸிங்: அந்த இரண்டு வருடம் எப்போது தொடங்குகிறது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்காவில் குடியேறிய பெண்கள் கம்யூனிட்டி காலேஜில் (இரண்டு வருடப் படிப்புகள் நடத்தும் உள்ளூர் அரசுக் கல்லூரி) நர்ஸிங் படிக்கலாம் என்று சென்ற இதழில் எழுதியிருந்தீர்கள். நல்ல விஷயம், நன்றி. ஆனால் 'இரண்டே வருடத்தில் நர்ஸ்' என்று கட்டம் கட்டிப் போட்டிருந்தீர்களே, அதை நம்பி யாராவது கையிலிருக்கும் வேலையை விட்டுவிடப் போகிறார்கள். கலிஃபோர்னியாவில் இந்தப் படிப்பை முடித்து, இப்போது மருத்துவமனை வார்டில் வேலை பார்க்கிறேன். அதனால் கொஞ்சம் உரிமையோடு எழுதுகிறேன்.

இரண்டு வருடம் என்பது பொய்யில்லை. நர்ஸிங் வகுப்பு தொடங்கிய நாளிலிருந்து எண்ணினால் நான்கு செமஸ்டர்தான். அந்த வகுப்புக்குள் நுழைவதற்கு முன்னால் இருப்பதைத்தான் யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. அனாடமி, பிசியாலஜி, மைக்ரோபயாலஜி மூன்றையும் லேபோடு முடிக்க வேண்டும். ஆங்கிலம், சைக்காலஜி, பல இடங்களில் ஸ்டாடிஸ்டிக்ஸ். சில கல்லூரிகளில் கெமிஸ்ட்ரி படித்திருந்தால்தான் மைக்ரோபயாலஜி பக்கமே விடுவார்கள். ஒன்று முடிந்தால்தான் அடுத்தது என்பதால் இதிலேயே ஒன்றரை, இரண்டு வருடம் ஓடிவிடும். வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால் இன்னும் இழுக்கும். ஊரில் என்றோ படித்த உயிரியலைக் காட்டித் தப்பிக்கலாம் என்றால், அறிவியல் பாடங்களைக் கடந்த ஐந்து அல்லது ஏழு வருடத்துக்குள் படித்திருக்க வேண்டும் என்று கெடு வைத்திருக்கும் கல்லூரிகள் உண்டு.

அப்புறம் டீஸ் என்ற நுழைவுத் தேர்வு. கலிஃபோர்னியாவில் 62 சதவீதம் எடுத்தால் போதும் என்பார்கள். போதும் என்றால் விண்ணப்பிக்கப் போதும், அவ்வளவுதான். அதற்குமேல் சில கல்லூரிகள் மதிப்பெண்ணுக்கும் அனுபவத்துக்கும் புள்ளி போட்டு வரிசைப்படுத்துகின்றன. சில கல்லூரிகள் குலுக்கல் நடத்துகின்றன. மார்க் எடுத்தால் சீட்டு நிச்சயம் என்று வளர்க்கப்பட்ட நமக்கு இந்தக் குலுக்கல் ஜீரணமாவதே இல்லை. வகுப்பில் முதலாவதாக வந்தவர் வெளியே நிற்பார், சுமாராகப் படித்தவர் உள்ளே போவார். இடங்கள் குறைவாக இருப்பதற்குக் காரணம் கல்லூரியின் கஞ்சத்தனம் இல்லை. பாடம் நடத்துவதைவிட வார்டில் சம்பளம் அதிகம், அதனால் ஆசிரியர் கிடைப்பதில்லை. மாணவர்களைப் பயிற்சிக்கு ஏற்றுக்கொள்ளும் மருத்துவமனைகளும் போதவில்லை.

ஆக, முன்படிப்பு, காத்திருப்பு எல்லாம் சேர்த்து நான்கு வருடம் என்று வைத்துக்கொண்டு குடும்பக் கணக்கைப் போடுங்கள்.

இதைச் சொன்னதும் 'நான்கு வருடம்தான் என்றால் நேராக யூனிவர்சிட்டிக்கே போகலாமே, எதற்குக் கம்யூனிட்டி காலேஜ்' என்று கேட்பார்கள். அந்தப் பெயரைச் சொன்னாலே முகம் சுளிக்கும் நம்மவர்களை நிறையப் பார்த்தாயிற்று. முதல் பதில், பணம். கலிஃபோர்னியாவில் வசிப்பவர்களுக்கு பாடத்தின் கனத்தை அளக்கும் யூனிட் ஒன்றுக்கு 46 டாலர்தான். தனியார் கல்லூரிகளில் முழுப் படிப்பையும் முடிக்க லட்சம் டாலர் தாண்டுவது சர்வ சாதாரணம். இரண்டாவது, லைசென்ஸ். இரண்டு வருட ஏ.டி.என். (கம்யூனிட்டி காலேஜ் தரும் அசோசியேட் பட்டம்) படித்தாலும், நான்கு வருட பி.எஸ்.என். (யூனிவர்சிட்டியின் நர்ஸிங் இளநிலைப் பட்டம்) படித்தாலும் எழுதுவது என்கிளெக்ஸ் என்ற அதே லைசென்ஸ் தேர்வு, கிடைப்பது ஆர்.என். (பதிவு பெற்ற நர்ஸ்) என்ற அதே லைசென்ஸ். இந்த ஏற்பாட்டுக்குப் பின்னால் ஒரு வரலாறு உண்டு. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு நர்ஸ் பஞ்சம் வந்தபோது, கொலம்பியா பல்கலைக்கழகத்தின் டீச்சர்ஸ் காலேஜைச் சேர்ந்த மில்ட்ரெட் மான்டாக் என்பவர் இந்த இரண்டு வருடத் திட்டத்தை யோசித்தார். 1952-ல் சோதனை முறையில் தொடங்கினார்கள். பொறுப்பு குறைவான ஒரு தனி வகை நர்ஸைத்தான் அவர் மனதில் வைத்திருந்தார். ஆனால் படித்து வந்தவர்கள் வழக்கமான ஆர்.என். தேர்வையே எழுதிப் பாஸாகிவிட்டார்கள். அன்றிலிருந்து இரண்டு படிப்பு, ஒரே லைசென்ஸ்.

இனி, உங்கள் கட்டுரை தொடாத விஷயம் ஒன்று: கேள்வித்தாள். நம் ஊரில் படித்து வந்தவர்கள் தடுமாறுவது இங்கேதான். ஒரு மாதிரி சொல்கிறேன். நான்கு நோயாளிகள். ஒருவருக்கு ஆபரேஷன் முடிந்து இரண்டாம் நாள், வலி பத்துக்கு ஏழு என்கிறார். இன்னொருவருக்குச் சர்க்கரை 180 காட்டுகிறது, சாப்பாட்டுக்கு முன் இன்சுலின் போட வேண்டும். மூன்றாமவருக்குத் தைராய்டு ஆபரேஷன் முடிந்து சில மணி நேரம் ஆகிறது, மூச்சு இழுக்கும்போது கீச்சென்று சத்தம் வருகிறது. நான்காமவர் வீட்டுக்குப் போக டிஸ்சார்ஜ் காகிதத்துக்காகக் கோபமாகக் காத்திருக்கிறார். முதலில் யாரிடம் போவாய்? நான்கு பேரையும் பார்க்கத்தான் வேண்டும், எதுவும் தப்பான வேலை இல்லை. ஆனால் அந்தக் கீச்சு சத்தம், கழுத்தில் வீக்கமோ ரத்தக்கசிவோ மூச்சுக் குழாயை நெருக்குகிறது என்பதன் அடையாளமாக இருக்கலாம். அவரிடம்தான் முதலில் ஓட வேண்டும். புத்தகத்தை வரிவரியாக ஒப்பிக்கத் தெரிந்தவர்கள், வலி என்று அலறுபவரிடம் போய்விட்டு மார்க்கைக் கோட்டைவிடுவார்கள். 2023 ஏப்ரலில் என்கிளெக்ஸையே மாற்றியதிலிருந்து, ஒரே நோயாளியின் குறிப்புகளைப் படிப்படியாகக் கொடுத்து, ஒவ்வொரு கட்டத்திலும் என்ன முடிவெடுப்பாய் என்று கேட்கிறார்கள். மனப்பாடம் இனி சுத்தமாகக் கைகொடுக்காது.

பாஸ் மார்க் 35 என்று நினைத்துக்கொண்டு வராதீர்கள். பெரும்பாலான கல்லூரிகளில் 75 அல்லது அதற்குமேல். மருந்தளவுக் கணக்குத் தேர்வில் 90, சில இடங்களில் நூற்றுக்கு நூறே கேட்பார்கள். நியாயம்தான், புள்ளி ஒன்று தள்ளிப் போனால் பத்து மடங்கு மருந்து உள்ளே போய்விடும். ஒரு பாடத்தில் தவறினால் அடுத்த முறை இடம் காலியாகும் வரை காத்திருக்க வேண்டும். இரண்டாவது முறையும் தவறினால் பல கல்லூரிகளில் வெளியே அனுப்பிவிடுவார்கள்.

ஸ்கில்ஸ் லேப் என்ற செய்முறைப் பயிற்சி இன்னொரு கூத்து. பொம்மைக்குச் சிறுநீர்க் குழாய் போட வேண்டும், ஆசிரியை பக்கத்தில் காகிதத்தோடு நிற்பார். ஸ்டெரைல் (கிருமி நீக்கிய) கையுறை போட்ட கை இடுப்புக்குக் கீழே இறங்கியதா, அசுத்தம். விரித்து வைத்த பொருட்களுக்கு முதுகைக் காட்டினாயா, அசுத்தம். மூக்கு அரிக்கும், சொறிய முடியாது. வீட்டில் எச்சில், பத்து என்று பார்க்கும் பாட்டியிடம் வளர்ந்த எனக்கு இது ஒன்றும் பெரிய அதிர்ச்சியாக இல்லை என்பது வேறு விஷயம்!

பி.எஸ்.என். வேண்டாமா என்றால், வேண்டும்தான். பெரிய மருத்துவமனைகள் பல அதைத்தான் கேட்கின்றன. நியூயார்க்கில் 2017-ல் வந்த சட்டப்படி புதிதாக ஆர்.என். ஆகிறவர்கள் பத்து வருடத்துக்குள் பி.எஸ்.என். முடித்தாக வேண்டும். ஆனால் அதை வேலை பார்த்துக்கொண்டே ஆன்லைனில் படிக்கலாம், பல மருத்துவமனைகள் செலவில் ஒரு பங்கை ஏற்றுக்கொள்கின்றன. கம்யூனிட்டி காலேஜிலேயே பி.எஸ்.என். கொடுக்க ஃப்ளோரிடாவில் வழி இருக்கிறது. கலிஃபோர்னியாவில் அதைச் சோதனை முறையில் தொடங்க வந்த மசோதாவை 2024-ல் கவர்னர் நியூசம் நிராகரித்துவிட்டார். எனக்கு இதில் வருத்தம் உண்டு.

விசா பற்றி உங்கள் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லையே, ஏன்? எச்-1பி என்ற வேலை விசாவில் வந்தவரின் மனைவிக்குக் கிடைக்கும் எச்-4 விசாவில் படிக்கத் தடையில்லை. ஆனால் வேலை அனுமதி அட்டை இல்லாமல் சம்பளத்துக்கு வேலை பார்க்க முடியாது. மத்திய அரசின் கல்வி உதவியும் கிடைக்காது, அது கிரீன் கார்டு வந்தவர்களுக்கு உண்டு. ஆர்.என். வேலைக்கு நான்கு வருடப் பட்டம் கட்டாயமில்லை என்பதாலேயே, சாதாரண வார்டு வேலைக்கு எச்-1பி கிடைப்பதும் கஷ்டம். கணவரின் கிரீன் கார்டு எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று பார்த்துவிட்டு அப்புறம் கல்லூரியைப் பாருங்கள்.

குறுக்கு வழி காட்டுபவர்களும் இருக்கிறார்கள். 2023 ஜனவரியில் ஃப்ளோரிடாவில் மூன்று நர்ஸிங் பள்ளிகள் 7,600-க்கும் மேற்பட்ட போலி டிப்ளமோக்களை விற்றது அம்பலமானது. காசு கொடுத்து வாங்கியவர்களில் பலர் தேர்விலும் பாஸாகி வேலையில் இருந்தார்கள். சேரப்போகும் கல்லூரிக்கு அங்கீகாரம் இருக்கிறதா என்று அந்த மாநில நர்ஸிங் போர்டின் தளத்திலேயே பார்த்துக்கொள்ளுங்கள், ஏஜென்ட் சொல்வதைக் கேட்க வேண்டாம்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். தமிழ்நாட்டில் பி.எஸ்சி. நர்ஸிங் முடித்துவிட்டு இங்கே வந்து, மறுபடி முதலிலிருந்து படிக்க வேண்டுமோ என்று கம்யூனிட்டி காலேஜ் வாசலில் நிற்பவர்கள் பலரை எனக்குத் தெரியும். பெரும்பாலும் தேவையில்லை. சான்றிதழ்களை மதிப்பீட்டுக்கு அனுப்பி, மாநிலம் கேட்டால் ஆங்கிலத் தேர்வும் எழுதி, நேராக என்கிளெக்ஸுக்குப் போகலாம். சென்னையிலேயே அதற்குத் தேர்வு மையம் இருக்கிறது. எந்த மாநிலம் எந்தக் காகிதம் கேட்கிறது என்பதில்தான் குழப்பம் முழுவதும். கலிஃபோர்னியா இந்தியப் பாடத்திட்டத்தைத் துருவித் துருவிப் பார்க்கும், வேறு சில மாநிலங்களில் அவ்வளவு கெடுபிடி இல்லை. அதை மாநில வாரியாக விசாரித்து அடுத்த இதழில் ஒரு பக்கம் போடுங்களேன்.

இப்படிக்கு,
பெயர் வெளியிட விரும்பாத வாசகி,
கலிஃபோர்னியா