முதலை இரத்தம் பற்றிச் செய்தி வெளியிடும் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

அறிவியல், மருத்துவப் பக்கங்களின் பொறுப்பாசிரியர்களுக்கு,

வணக்கம். "எந்தக் கிருமியையும் கொல்லும் முதலை இரத்தம்" என்ற செய்தி சில ஆண்டுகளுக்கு ஒருமுறை எங்காவது தலைகாட்டிவிடுகிறது. கூடவே வாயைப் பிளந்த முதலையின் படம். முழுப் பொய் என்றால் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். இது பாதி மெய். அந்தப் பாதியைக் காட்டித்தான் மாத்திரை விற்கிறார்கள்.

மெய்யான பாதி உண்மையிலேயே வியப்பானது. சேறும் அழுகலும் நிறைந்த நீரில் முதலைகள் ஒன்றையொன்று கடித்துக் குதறிக்கொள்கின்றன. சில சமயம் காலே போய்விடுகிறது. ஆனாலும் பல காயங்கள் சீழ் பிடிக்காமல் ஆறிவிடுகின்றன. லூயிசியானாவில் உள்ள மெக்னீஸ் பல்கலைக்கழகத்தின் மார்க் மெர்ச்சன்ட்டும் அவருடைய குழுவினரும் முதலையின் நெருங்கிய உறவான அமெரிக்க அலிகேட்டரின் இரத்தச் சீரத்தை (இரத்தம் உறைந்த பின் பிரியும் தெளிந்த நீர்) 23 வகை பாக்டீரியாக்கள் மீது சோதித்து 2003-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். அலிகேட்டர் சீரம் 23 வகைகளின் வளர்ச்சியையும் தடுத்தது. மனிதச் சீரம் தடுத்தது எட்டை மட்டுமே.

உங்கள் செய்திகள் பெரும்பாலும் இந்த இடத்தில் நின்றுவிடுகின்றன. ஆய்வு நிற்கவில்லை. அதே சீரத்தை 56 பாகை செல்சியஸில் அரை மணி நேரம் சூடாக்கினார்கள். கொல்லும் திறன் போய்விட்டது. புரதங்களை அறுக்கும் நொதிகளைச் சேர்த்தபோதும் போய்விட்டது. சூடுபடுத்திப் பார்க்கும் இந்த உத்தி பழையது. மனிதர் உள்ளிட்ட பாலூட்டிகளின் இரத்தத்தில் 'காம்ப்ளிமென்ட்' எனப்படும் புரதத் தொகுதி இருக்கிறது. அதன் இயக்கத்தை 1890-களில் விளக்கியவர்களில் ஒருவரான ஜூல் போர்டே, நோய் எதிர்ப்பு பற்றிய ஆய்வுகளுக்காக 1919-ஆம் ஆண்டின் நோபல் பரிசைப் பெற்றார். அந்தத் தொகுதியின் அடையாளமே இந்தச் சூடு தாங்காத தன்மைதான். ஆக, அலிகேட்டர் சீரத்தில் முதன்மையாக வேலை செய்வது ஏதோ மந்திரப் பொருள் அல்ல. நம் இரத்தத்திலும் ஓடுகிற ஒரு தற்காப்பு அங்கே பல மடங்கு வீரியத்துடன் இயங்குகிறது.

அது எப்படிக் கொல்கிறது என்பதையும் ஒரு பத்தியில் எழுதலாமே. காம்ப்ளிமென்ட் புரதங்கள் கிருமியின் மேற்பரப்பில் ஒட்டிக்கொண்டு, ஒன்று மற்றொன்றைத் தூண்டிவிட்டு, கடைசியில் வளையமாகக் கூடிச் சவ்வில் துளை போடுகின்றன. உள்ளே நீர் புகுந்து கிருமி வெடிக்கிறது. இதற்கு முன்பின் அந்தக் கிருமியைச் சந்தித்திருக்க வேண்டும் என்பதில்லை. குறிப்பிட்ட கிருமிக்கென உடல் உருவாக்கும் எதிர்ப்புப் புரதமான ஆன்டிபாடி உருவாகும் வரை காத்திருக்கவும் தேவையில்லை.

இப்போது நீங்கள் எழுதாமல் விடும் செய்தி ஒன்று. அலிகேட்டர் சீரத்தின் வீரியத்தை அளக்க ஆய்வகத்தில் ஆட்டின் சிவப்பணுக்களைப் பயன்படுத்துகிறார்கள். சீரத்தை ஊற்றியதும் அணுக்கள் வெடித்து, கலங்கலாக இருந்த நீர் தெளிந்த செந்நிறமாகிறது. அந்தச் சிவப்பின் அடர்த்தியே அளவுகோல். அதாவது, கிருமியைத் துளைக்கும் அதே சீரம் ஆட்டின் அணுவையும் துளைக்கிறது. தன் அணுக்கள் பலியாகாமலிருக்க ஒவ்வொரு விலங்கும் அவற்றின் மேல் காவல் புரதங்களை வைத்திருக்கிறது. முதலைச் சீரத்திடமிருந்து நம் அணுக்களை நம்முடைய காவல் புரதங்கள் காப்பாற்றும் என்று எந்தத் துணிச்சலில் "மனிதனுக்கு மருந்து" என்று தலைப்பு வைக்கிறீர்கள்?

2008-இல் மெர்ச்சன்ட்டின் ஆய்வு அமெரிக்க வேதியியல் சங்கத்தின் கூட்டத்தில் முன்வைக்கப்பட்டபோது வெளியான அறிவிப்பிலேயே, பதப்படுத்தாத அலிகேட்டர் இரத்தத்தை வைத்து வீட்டு வைத்தியம் செய்ய வேண்டாம், ஊசியாக ஏற்றினால் உயிரே போகலாம் என்ற எச்சரிக்கை இருந்தது. ஆய்வுக் குழுவே சொன்ன எச்சரிக்கையை வெட்டிவிட்டு சீரம் எச்.ஐ.வி.யையும் அழிக்கிறது என்ற ஒற்றை வரியை மட்டும் பெரிதாக்குவது இடப் பற்றாக்குறையால் நடப்பதாக எனக்குத் தோன்றவில்லை. (அந்த எச்.ஐ.வி. வரியும் சோதனைக் குழாயில் கண்டதுதான். சோதனைக் குழாயில் சோப்பு நீரும் எச்.ஐ.வி.யை அழிக்கும்.)

மாத்திரைக்கு வருவோம். தாய்லாந்தில் உறையவைத்து உலர்த்திய முதலை இரத்தம் மாத்திரை உறைகளில் (கேப்சூல்) அடைத்து விற்பனையாகிறது. விழுங்கும் புரதத்தை இரைப்பை அமிலமும் செரிமான நொதிகளும் துண்டாடிவிடும். ஆய்வகத்தில் நொதி சேர்த்தபோதே திறனை இழந்த பொருள் இரைப்பையைத் தாண்டி என்ன செய்யும்?

இதற்கு மறுமொழியாகச் சிலர் பெப்டைடுகளைக் காட்டுவார்கள். அது வேறு கதை. இரண்டையும் ஒரே செய்தியில் குழைக்காதீர்கள். வெள்ளை அணுக்களிலும் பிற திசுக்களிலும் பெப்டைடுகள் எனப்படும் சிறு புரதத் துண்டுகள் இருக்கின்றன. பாக்டீரியாவின் சவ்வு அவற்றின் இலக்கு. சயாமிய முதலையின் வெள்ளை அணுக்களிலிருந்து தாய்லாந்து ஆய்வாளர்கள் 'லூக்ரோசின்' என்ற பெப்டைடுகளைப் பிரித்தெடுத்திருக்கிறார்கள். ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகத்தினர் அலிகேட்டர் இரத்தத்தில் இத்தகைய துண்டுகளைத் தேடி 2015-இல் எழுதினார்கள். மருந்து என்று ஏதாவது வருமானால் இந்த வழியில்தான், அதுவும் ஆய்வகத்தில் செயற்கையாகத் தயாரித்து வரும். முதலையை அறுத்து அல்ல.

ஆனால் அந்த வழியும் நீளமானது. ஆப்பிரிக்கத் தவளை ஒன்றின் தோலில் மைக்கேல் ஜாஸ்லாஃப் 1987-இல் கண்டறிந்த 'மகைனின்' பெப்டைடுக்கும் இதே ஆரவாரம் இருந்தது. அதைத் திருத்தி, நீரிழிவுக் கால்புண்ணுக்கான களிம்பாக்கி, மனிதர்களிடம் சோதித்தும் 1999-இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் ஒப்புதல் தரவில்லை. ஏற்கெனவே இருந்த ஆன்டிபயாடிக்கைவிட அது மேல் என்று நிறுவ முடியவில்லை.

"முதலைக்கு நோயே வராது" என்ற வாக்கியத்தையும் தயவுசெய்து எடுத்துவிடுங்கள். மைக்கோபிளாஸ்மா கிருமிகளால் மூட்டு வீங்கி, நுரையீரல் அழன்று முதலைகள் சாகின்றன. குளிரிலும் நெரிசலிலும் வாடும் பண்ணை முதலைகளின் இரத்தத்தில் கிருமி பெருகுவதைக் கால்நடை மருத்துவர்கள் நன்றாக அறிவார்கள். முதலை இறைச்சியில் சால்மோனெல்லா கிடைப்பதும் புதிதல்ல.

அடுத்த முறை இந்தச் செய்தி மேசைக்கு வரும்போது சோதனை எதில் நடந்தது என்பதை முதல் பத்தியிலேயே எழுதுங்கள்: குழாயிலா, எலியிலா, மனிதரிலா? சீரமா, பெப்டைடா? ஆய்வாளர் எச்சரித்திருந்தால் அதையும் அச்சிடுங்கள். முன்பு வெளியிட்ட கட்டுரைகள் இணையத்தில் இன்னும் கிடக்கின்றன. அவற்றின் மேலேயே திருத்தக் குறிப்பு ஒன்றைச் சேருங்கள். கீழே பொடி எழுத்தில் வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் பக்கங்களைத் தவறாமல் படிக்கும் வாசகர்