மண்முனைத் துறையடியில் நாலு வாங்கு போடுங்கள்

மண்முனைத் துறையின் இரு கரைகளிலும் உள்ள பிரதேச சபை உறுப்பினர்களுக்கு,

மட்டக்களப்பு வாவிக்கு மேலே போகும் மண்முனைப் பாலத்தைப் பற்றி முறைப்பாடு செய்ய இதை எழுதவில்லை. 2014இல் ஜப்பான் உதவியோடு அது திறக்கப்பட்டபோது வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரைக்குக் கிடைத்த நிம்மதி எனக்குத் தெரியும். ராத்திரியில் பிரசவ வலி வந்தால் விடியட்டும் என்று வாவிக்கரையில் காத்திருந்த சனம் அது. நான் கேட்பது பழைய துறையடிக்கு. நிழலுக்கு இரண்டு மரம், உட்கார நாலு வாங்கு, இங்கே பாதை என்ற மிதவை ஓடியது என்று சொல்ல ஒரு பலகை. அவ்வளவுதான்.

நான் கிழக்குப் பக்கத்து எழுவான்கரைக்காரி. சண்டைக் காலத்தில் கொக்கட்டிச்சோலைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் படிப்பித்தேன். இப்போதைய பிள்ளைகள் பாதையைக் கண்டிருக்க மாட்டார்கள். ஆள், சைக்கிள், நெல்மூட்டை எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு வாவியைக் கடக்கும் மிதவை அது. அது அக்கரையில் நின்றால் நாங்கள் இக்கரையில் நிற்க வேண்டியதுதான். அதற்கு முன் பையைத் திறந்து காட்ட வேண்டும். இந்தக் கரையில் ஒரு கூட்டம் கேட்கும், அந்தக் கரையில் இன்னொரு கூட்டம் கேட்கும். கேள்வி மட்டும் மாறாது.

என் வீட்டுக்காரர் படுவான்கரை ஆள். காலையில் தயிர் முட்டிகளைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு டவுனுக்கு வருவார். நான் அந்த நேரம் பள்ளிக்கூடத்துக்குப் போவேன். பின்னேரம் இரண்டு பேரும் திரும்புவோம், அதுவும் எதிரெதிராக. அவர் இறங்கினால்தான் நான் ஏறலாம். ஆகவே கலியாணம் முடியும் வரைக்கும் நாங்கள் ஒரே பாதையில் ஒன்றாகப் போனதே இல்லை. கதைத்ததெல்லாம் துறையடியில், முட்டிகளை இறக்கும் நேரத்துக்குள். பாதையோட்டி அண்ணனுக்கு விசயம் விளங்கிவிட்டது போல. சில நாள் கயிற்றை அவிழ்க்க வேண்டுமென்றே சுணங்குவார்.

போன மாதம் நானும் வீட்டுக்காரரும் உதயதேவி ரயிலில் வந்து இறங்கி, ஓட்டோ பிடித்துக் கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீச்சரரைக் கும்பிடப் போனோம். நான் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொள்வதற்குள் பாலம் முடிந்துவிட்டது. "நல்ல வசதிதான் புள்ள, ஆனா இதுல ஆரும் ஆரோடயும் கதைக்க ஏலாதே" என்றார் அவர். எனக்கும் அதுதான் பட்டது. இரு கரைச் சனமும் முகம் பார்த்துப் பழகிய இடம் அந்தத் துறை. மீன்காரியும் வயல் பார்க்கும் வட்டவிதானையாரும் டீச்சரும் ஒரே வெயிலில் நின்றோம். கோயில் திருவிழாக் காலத்தில் வரிசை எங்கே முடிகிறது என்றே தெரியாது.

காதல் கதைக்காக மட்டும் கேட்கிறேன் என்று நினைக்க வேண்டாம். 1991 யூனில் படுகொலை நடந்த மகிழடித்தீவும் முனைக்காடும் அக்கரையில்தான் இருக்கின்றன. அந்த நாட்களில் துறையைக் கடக்கப் பயந்தவர்களும், கடந்து திரும்பாதவர்களும் உண்டு. பலகையில் அதுவும் இருக்கட்டும். அழகான படகுப் படம் மட்டும் போட்டு முடித்துவிடாதீர்கள்.

செலவு பெரிதாக வராது. பழைய பாதையோட்டிகள் எங்கே இருக்கிறார்கள் என்று ஊரில் விசாரித்தால் தெரியும். பலகையில் என்ன எழுதலாம் என்று அவர்களிடமே கேளுங்கள். படித்தவர்கள் எழுதினால் நீட்டிவிடுவார்கள், நானும்தான். இதே வாவியில் உள்ள குருமண்வெளி, மண்டூர்த் துறைக்காரர்களையும் அப்படியே ஒரு தரம் கண்டு கதைத்துக் குறித்து வையுங்கள். மரம் நடுவதானால் மாரிக்கு முன்னம் குழி வெட்டிவிட வேண்டும்.

நன்றி.
ஒரு பழைய டீச்சர்